பெங்களூருக்கு அரை மணி

இரத்மலானையிலிருந்து பெங்களூருக்கு ஆகாய வழியில் நானூற்றைம்பது மைல் சொச்சம். நடுவில் திருச்சியில் இறங்கி எண்ணெய் ஊற்றிக்கொள்ளும் நேரத்தைக் கழித்துவிட்டால், பறப்பது மூன்று மணி நேரம். இதை நான் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கொழும்புக்குத் தெற்கே இருக்கும் அந்த விமான நிலையத்தில், புறப்படும் நேரத்தையும் போய்ச் சேரும் நேரத்தையும் கரும்பலகையில் எழுதுவதுதான் என் உத்தியோகம். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை நானே விமானத்தில் உட்கார்ந்து கடந்தது போர் முடிந்த மறு வருஷம்தான். அதுவும் ஒரு தகரத் துண்டைப் பார்ப்பதற்காக.

மாதையன் என்று எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். தருமபுரிக்குப் பக்கத்தில் நல்லம்பள்ளிக்காரன். பெங்களூரில் எஞ்சின் வேலை பழகி, போர்க்காலத்தில் எங்கள் நிலையத்துக்கு மெக்கானிக்காக வந்தவன். இரண்டு வருஷம் நாங்கள் ஒரே அறையில் குடியிருந்தோம். வீட்டை வூடு என்பான், வரவேண்டும் என்பதை வரோணும் என்பான். என் யாழ்ப்பாணத் தமிழை அவன் கேலி செய்வான், அவன் தமிழை நான் கேலி செய்வேன். ஒரு மழைக்காலத்தில் பெங்களூருக்குப் போன ராணுவ விமானத்தில் வேலையாக அவனும் ஏறினான். இரண்டு வெள்ளைக்கார விமானிகள், ஒரு வயர்லெஸ்காரர், இவன். திருச்சியில் இறங்கி ஏறினார்கள். பெங்களூருக்கு இன்னும் அரை மணி என்று வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. காவிரிக் கரை நெடுக ஒகேனக்கல் வரை தேடிப் பார்த்தார்களாம். ஒரு ஆணிகூடக் கிடைக்கவில்லை.

இப்போது அவனுடைய அண்ணன் முத்து எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார். நல்லம்பள்ளிச் சந்தைக்குத் தேன் விற்க வந்த மலைக்காரர் ஒருவர், பானையை ஒரு தகட்டால் மூடியிருந்தாராம். தகட்டின் ஓரத்தில் ஆணிகள் தையல் மாதிரி வரிசையாக இருந்தனவாம். ஏரோப்ளேன் தெரிந்தவர் யாராவது வந்து பார்த்துச் சொன்னால் புண்ணியம் என்று கேட்டிருந்தார். அவருக்கு அது அவசரம். மாதையனுக்குக் கருமாதி செய்யாமல் அந்த வீட்டில் நல்ல காரியம் கூடாது என்று ஊரார் சொல்லிவிட்டதால், முத்துவின் மகளுக்குப் பேசிய கல்யாணம் நின்றுபோயிருந்தது. மாதையனின் மனைவி பச்சையம்மாவோ தாலியைக் கழற்ற மாட்டேன் என்று உறுதியாக நின்றாள்.

விமானத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு புகையிலை வியாபாரி. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, மடியில் வெற்றிலைப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கடலைத் தாண்டும்வரை கண்ணைத் திறக்கவில்லை. திருச்சியில் எங்களை இறக்கி, ஒரு கொட்டகையில் தேநீர் கொடுத்தார்கள். பால் அதிகம், சாயம் குறைவு. எங்கள் ஊரில் இதைத் தேநீர் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். வியாபாரி நான்கு வடை சாப்பிட்டார். விமானம் மறுபடி ஏறியதும் அந்த நான்கையும் காகிதப் பைக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சேலத்தைத் தாண்டியபின் கீழே மேகம் மூடிக்கொண்டது. எனக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவர் சன்னல் பக்கம் பார்க்காமலே, "இந்த இடம் மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை, இங்கே நான் நிமிஷங்களை எண்ணத் தொடங்கிவிடுவேன்" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளை மேகத்துக்கு மேலே இரண்டு மூன்று மலை உச்சிகள் மட்டும், தண்ணீரில் நிற்கும் எருமைகளின் முதுகு மாதிரிக் கறுப்பாகத் தெரிந்தன. அவை நகரவே இல்லை போலிருந்தது. எவ்வளவு நேரம் இருக்கிறது என்று வியாபாரி கேட்டார். அரை மணி என்று வாயெடுத்தவன், இனிக் கொஞ்ச நேரம்தான் என்று மாற்றிச் சொன்னேன்.

பெங்களூரில் இறங்கி, வந்த வழியே தரையில் திரும்பினேன். நான் அரை மணியில் கடந்துவந்த தூரத்துக்குப் பஸ் ஒரு பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. பெட்ரோல் தட்டுப்பாடு இன்னும் தீராததால் அது கரி வண்டி. பின்னால் ஒரு பெரிய அண்டாவில் அடுப்புக்கரி எரியும், அந்தப் புகையில் வண்டி ஓடும். ஏற்றம் வந்தால் ஓடாது. கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். கண்டக்டர் இரும்புக் கம்பியால் அண்டாவைக் குத்திக் கிளறிவிட்டு, "இன்னும் பசிங்க அதுக்கு" என்று கரி மூட்டையைத் தூக்கினார்.

ஓசூர் தாண்டியதும் தமிழ்க் குரல்கள் ஏறத் தொடங்கின. அப்போதுதான் எனக்கு முதன்முதலாக உடம்பு கூசியது. வூடு, வரோணும், ஆவாது. பஸ்ஸில் இருந்த எல்லோரும் மாதையனின் குரலில் பேசினார்கள். பின்னாலிருந்து ஒருவர் கொஞ்சம் நகரச் சொன்னபோது நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். யாரோ ஒரு கிழவர், கையில் கட்டுச்சோற்று மூட்டை. எதிர்ப்பலகையில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று அந்தக் கிழவரைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்று முதலில் மழுப்பினார். பிறகு, "உங்க மூஞ்சியப் பாத்தா எழவு வூட்டுக்குப் போறவரு மாதிரி இருக்குதாம். ஆனா யாரு செத்தாங்கன்னு உங்களுக்கே தெரியலியாம்" என்றார்.

நல்லம்பள்ளியில் முத்து வீட்டில் எனக்குக் கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். களியை மெல்லக் கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். இடியப்பத்துக்குப் பழகிய என் தொண்டை முதல் உருண்டைக்கே மறுத்துவிட்டது. பச்சையம்மாதான் பரிமாறினாள். இருபத்தைந்து வயதிருக்கும், நெடுநெடுவென்று வளர்ந்தவள், அதிகம் பேசாதவள். நான் திணறுவதைப் பார்த்து மோர் கொண்டுவந்து வைத்தாள். "அவரு அங்க சோறு ஒழுங்காத் தின்னாருங்களா?" என்று மட்டும் கேட்டாள். நன்றாகச் சாப்பிட்டான் என்றேன். தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் போனதும் முத்து அந்தத் தகட்டை எடுத்து வந்தார். மலைக்காரரிடம் ஒரு வேட்டி கொடுத்து வாங்கி வைத்திருந்தார். கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அலுமினியம். உள்பக்கம் பச்சை வர்ணம், ஓரத்தில் தலை தட்டிய ஆணிகள். அது ஒரு விமானத்தின் தோல். எந்த விமானத்தின் தோல் என்பதுதான் தெரியவில்லை.

"எங்கயிருந்து எடுத்ததெண்டு அவர் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"மலையில கெடந்துச்சுன்னாருங்க. அதுக்கு மேல கேட்டதுக்குப் பானையத் தூக்கிட்டுப் போய்ட்டாரு. வத்தல்மலைக்காரரு, வெள்ளையன்னு பேரு."

மறுநாள் விடிந்ததும் நானும் முத்துவும் மலையடிவாரம் வரை வண்டியில் போய், அங்கிருந்து ஏறத் தொடங்கினோம். நான் இலங்கையில் தேயிலை மலைகளில் ஏறிப் பழகியவன். அங்கே எவ்வளவு உயரத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு ஆலையின் சங்குச் சத்தம் கேட்கும். இங்கே எங்கள் மூச்சைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பாதி ஏற்றத்தில் மேகம் இறங்கி வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டது. முத்து நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தார், எனக்கு அவர் முதுகு தெரியவில்லை. அந்த மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

விமானத்தின் சத்தம். தூரத்தில், இரண்டு எஞ்சினும் சேர்ந்து சீராக ஓடுகிற சத்தம். நாள் முழுக்க அதைக் கேட்டுப் பலகையில் எழுதுகிறவன் நான், எனக்கு அதில் பிசகாது. அண்ணாந்து பார்த்தேன். சத்தம் மேலேயிருந்து வரவில்லை. எங்களுக்கு முன்னால், தரையிலிருந்து வந்தது. கிட்டே வரவுமில்லை, தூரப் போகவுமில்லை.

"உங்களுக்கும் கேக்குதுங்களா?" என்று முத்துவின் குரல் வந்தது.

கேட்கிறது என்றேன். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

இன்னும் கொஞ்சம் ஏறியதும் சாமைக் கொல்லைகளும் அவற்றுக்கு அப்பால் பத்துப் பன்னிரண்டு குடிசைகளும் தென்பட்டன. ஒவ்வொரு கூரையிலும் புல்லுக்கு மேல் அலுமினியத் தகடு. தானியக் குதிருக்கு மூடியாக ஒரு தகடு. கோழிக்கூண்டுக்குக் கதவாக ஒரு சன்னல் சட்டம். காற்று அந்தத் தகடுகளுக்கு அடியில் புகுந்து போகும்போதெல்லாம் ஊர் முழுதும் அதிர்ந்து ரீங்காரமிட்டது. சத்தத்துக்குக் காரணம் தெரிந்த பிறகும் எனக்குப் பயம் குறையவில்லை. ஒரு விமானத்தைப் பிரித்து ஓர் ஊராக ஆக்கியிருந்தார்கள், அது இன்னும் பறந்துகொண்டிருந்தது.

யாரும் வெளியே வரவில்லை. முத்து பேர் சொல்லிக் கூப்பிட்டபின் வெள்ளையன் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். என் கால்சட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தகடு மலையில கெடந்துச்சு."

"போலீஸ் இல்லீங்க இவரு. அந்த ஏரோப்ளேன்ல போனவன் என் தம்பிங்க" என்றார் முத்து. "அவன் பொண்டாட்டி இன்னும் தாலியோட இருக்கறா. செத்தானா பொழச்சானான்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

வெள்ளையனுக்குப் பின்னால் குடிசை வாசலில் அவர் மனைவி வந்து நின்றாள். சின்னப்பொண்ணு என்று பிறகு தெரிந்தது.

"சொல்லிடு" என்றாள் அவள். "ரெண்டு மழையாச்சு. நான் சுமந்தது போதும்."

நான்கு பேரையும் புதைத்திருக்கிறார்கள். அதை வெள்ளையன்தான் சொன்னார். வெள்ளைக்காரர்கள் செத்துக் கிடந்ததால், தாங்கள்தான் கொன்றோம் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. குடிசைகளுக்குப் பின்னால் ஓர் ஓடையில், எடுத்துப் போக முடியாத எஞ்சின்கள் இரண்டும் பாசி பிடித்துக் கிடந்தன. அதற்கு மேட்டில் நான்கு கல் குவியல்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் குங்குமமும் கொஞ்சம் சாமையும் வைத்திருந்தது. அறுவடைக்கு அறுவடை வைப்பார்களாம்.

"இவங்கள்ல மூணாவதா இருக்கறவரு நம்ம பக்கத்து ஆளு. கையில தேளு பச்ச குத்தியிருந்துச்சு" என்றார் வெள்ளையன்.

முத்து மூன்றாவது குவியலைத் தொட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாதையனின் வலது முன்கையில் அந்தத் தேளை நான் தினமும் பார்த்திருக்கிறேன். கிரீஸைத் துடைத்துக்கொண்டு வரும்போது முதலில் அதுதான் தெரியும்.

அவ்வளவில் என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் சின்னப்பொண்ணு போகவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

"நான் அவரோட பேசினன்" என்றாள்.

"உயிர் இருந்ததா?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியலீங்க."

அன்றைக்கு ஆண்கள் எல்லோரும் கீழே சந்தைக்குப் போயிருந்தார்கள். உச்சிப்பொழுது. இன்றைக்குப் போலவே மேகம். பாறைக்கு வெடி வைத்தது போல ஒரு சத்தம் கேட்டது. இவள் அடுப்பில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள், எழுந்து போகப் பயம். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். காக்கிச் சட்டை நனைந்திருந்தது. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. தண்ணீர் கேட்டான். சுரைக்குடுவையில் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தான். குடுவையைப் பிடித்த கையில் தேள் இருந்தது.

"இங்கிருந்து பெங்களூருக்கு எவ்ளோ நேரம்னு கேட்டாரு. நடந்தா மூணு நாளாவும்னு சொன்னன். சிரிச்சாரு. இல்ல ஆத்தா, அரை மணிதான், இப்பதான் சொன்னாங்கன்னாரு. அப்பறம் கொஞ்ச நேரம் நின்னுட்டு, அது கெடக்குது, நல்லம்பள்ளிக்கு எப்படிப் போறதுன்னு கேட்டாரு. வழி காட்டினன். எறங்கிப் போய்ட்டாரு."

மறுநாள் திரும்பி வந்த ஆண்கள் ஓடையில் விமானத்தைக் கண்டுபிடித்து இவளையும் கூட்டிப் போய்க் காட்டினார்கள். நான்கு பேரும் உள்ளே இருந்தார்கள். அவர்களில் ஒருவன் இடுப்பு வாரைக்கூட அவிழ்க்கவில்லை. அதே காக்கிச் சட்டை. அதே தேள்.

"அவளுக்கு அப்பக் காய்ச்சலுங்க" என்றார் வெள்ளையன் மெதுவாக.

"குடுவையில தண்ணி கொறஞ்சிருந்துச்சு" என்றாள் அவள். இதை அவர்கள் பலமுறை பேசி முடித்தவர்கள் என்று தெரிந்தது.

கிளம்பும்போது வெள்ளையன் என் கையைப் பிடித்துக்கொண்டார், வெளியே சொல்ல வேண்டாமென்று. மற்ற மூவருக்கும் எங்கோ தாய் இருப்பாள் என்று நான் சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டு, சரி என்றார். பிறகு நான் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னேன். அதிகாரிகள் வந்தார்கள், யாரையும் தொந்தரவு செய்யவில்லை. தகடுகளைக்கூட அவர்களிடமே விட்டுவிட்டுப் போனார்கள்.

இறங்கும்போது முத்து ஒன்றுதான் கேட்டார். "அந்தத் தண்ணி வெசயத்தப் பச்சையம்மாகிட்ட சொல்லோணுங்களா?"

கல் குவியலைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்று எனக்கும் தோன்றியது. தேள் இருக்கிறது, சாட்சி இருக்கிறது. நடந்து போனான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் வாழ்நாள் முழுக்க அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சொல்ல வேண்டாம் என்று பேசிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் முத்து பச்சையம்மாவிடம் சொன்னார். ஓடை, நான்கு குவியல், தேள். அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்து நின்று கடைசி வரை கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அங்கிருந்து நம்மூருக்கு எறங்கி வர எவ்ளோ நேரம் ஆவுமுங்க?"

ஏன் கேட்கிறாய் என்றேன்.

"உச்சிப்பொழுதுக்கு மேல கெளம்பினா வெளக்கு வெக்கிற நேரத்துக்கு வந்துடலாமுங்களா?"

வரலாம் என்றார் முத்து.

"அன்னிக்கு வெளக்கு வெக்கிற நேரத்துக்கு வந்தாருங்க" என்றாள் பச்சையம்மா. "சட்ட நனைஞ்சிருந்துச்சு. லீவுல வந்துட்டாருன்னு நெனச்சன். களி ஆக்கியிருக்கறன், உக்காருங்கன்னு சொன்னன். காலு கழுவிட்டு வரன்னு கெணத்துப் பக்கம் போனாரு. வரல. மாமா கொல்லையில இருந்தாரு. யாருக்கும் தெரியாது."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றார் முத்து.

"சொன்னா செத்துட்டாருன்னு சொல்லிருப்பீங்க. அன்னிக்கு உச்சிப்பொழுதுலயே காணாமப் போனாருன்னு காயிதம் வந்தது அதுக்கப்பறந்தான். வந்து நின்னவர எப்படி மாமா செத்தவருன்னு சொல்றது? காலு கழுவப் போனவரு வருவாருன்னுதான் இருந்தன்."

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குடுவை, அரை மணி, வழி கேட்டது, ஒன்று விடாமல். நாளைக்கு என்னையும் மலைக்குக் கூட்டிப் போங்கள் என்றாள்.

மறுநாள் மேகம் இல்லை, வெயில். மேலே போனதும் பச்சையம்மா யாரையும் கேட்காமல் மூன்றாவது குவியலிடம் நேரே போய் நின்றாள். நானும் முத்துவும் வெள்ளையனும் எட்டவே நின்றோம். சின்னப்பொண்ணு மட்டும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவனைக் கடைசியாகப் பார்த்தவர்கள் இந்த இரண்டு பெண்கள்தான்.

"உங்கூட்டுல சாப்பிட்டாரா?" என்று சின்னப்பொண்ணு கேட்டாள்.

"இல்லக்கா. உக்காரல."

"எங்கூட்டுல ரெண்டு தபா தண்ணி வாங்கிக் குடிச்சாரு."

பச்சையம்மா அதை யோசித்தாள். "அப்ப எங்க வூட்டுக்குத் தாகத்தோட வரல" என்றாள்.

"இல்ல. தாகத்தோட வரல."

பச்சையம்மா கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தாலிக் கயிற்றின் முடிச்சைத் தானே அவிழ்த்தாள். முத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். குவியலில் ஒரு கல்லைத் தூக்கி அதனடியில் தாலியை வைத்து, கல்லை இருந்தபடியே வைத்தாள். பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் இருக்கிறதா அக்கா என்று கேட்டாள். சின்னப்பொண்ணு எழுந்து தன் குடிசையை நோக்கி நடந்தாள். பச்சையம்மா அவள் பின்னாலேயே போனாள்.